உணவகத்துக்கு வராத பலகாரம்: சேர்பியரின் கிபனிட்சாவும் எங்கள் அடுப்படியும்

ஜேர்மனியில் ஐந்தாறு வருடம் வாழ்ந்த எவரிடமும் பால்கன் நாட்டுச் சாப்பாடு என்னவென்று கேட்டால் ஒரே பட்டியல்தான் வரும். விரல் போல உருட்டிச் சுட்ட இறைச்சியான செவாப்சிச்சி, கம்பியில் கோர்த்த ரஸ்னிச்சி, சிவந்த யுவெச் சோறு, பேரங்காடித் தட்டில் தகர டின்னில் நிற்கும் 'சேர்பிய அவரைச் சூப்'. எழுபதுகளில் ஜேர்மன் நகரங்களில் முளைத்த 'பால்கன் கிரில்' உணவகங்கள் ஜேர்மனியருக்குப் பழக்கிவிட்டுப் போன பட்டியல் இது.

ஒரு சேர்பியக் குடும்பத்தின் வீட்டுக்கு விருந்துக்குப் போனால், முதலில் மேசைக்கு வருவது இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பொன்னிறமாக வெந்து, மேலே மொறுமொறுத்து, உள்ளே ஈரமும் பாலாடைக்கட்டியுமாக அடுக்கடுக்காக இருக்கும் சதுரத் துண்டு. அதன் பெயர் கிபனிட்சா. பக்கத்தில் ஒரு குவளை தயிர். எங்கள் மோருக்கும் கட்டித் தயிருக்கும் இடைப்பட்ட பதத்தில், குடிக்கக்கூடியதாக இருக்கும்.

பலகாரச் செய்முறைகள் எங்கும் கிடைக்கின்றன. அது என்ன, எப்படி ஆகிறது என்பதோடு, இடம்பெயர்ந்த ஒரு சமூகத்தில் எந்த உணவு நிலைக்கிறது, எது மறைகிறது என்ற கேள்விக்கும் இந்தப் பலகாரத்தில் ஒரு விடை இருக்கிறது. அந்தக் கேள்வி எங்களுடையதும்தான்.

பெயரும் ஊரும்

கிபனிட்சா என்ற பெயர் 'கிபாத்தி' என்ற வினைச்சொல்லிலிருந்து வந்தது. மடித்தல், அசைத்தல், ஆட்டுதல் என்ற பொருள்கள் அதற்கு உண்டு. எங்கள் வீச்சு ரொட்டிக்கும் பெயர் வந்தது மாவை என்ன செய்கிறோம் என்பதிலிருந்துதானே. நவீன சேர்பிய எழுத்துமொழியைச் சீர்செய்த வூக் கராஜிச் 1818இல் வியன்னாவில் வெளியிட்ட அகராதியிலேயே கிபனிட்சா ஒரு சொல்லாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே குறைந்தது 200 வருடங்களாக இந்தப் பெயரில் சாப்பிடப்பட்டு வரும் பண்டம் இது.

மெல்லிய மாத்தாள்களை அடுக்கிச் சுடும் வழக்கம் அதைவிடப் பழையது, பரந்ததும்கூட. துருக்கியர் அந்தத் தாளை யுஃப்கா என்கிறார்கள். கிரேக்கர் இலை என்ற பொருளில் ஃபிலோ என்கிறார்கள். சேர்பியர் 'கோரே' என்கிறார்கள். அதன் ஒருமையான 'கோரா' என்ற சொல் மரப்பட்டையையும் குறிக்கும். சேர்பிய நிலம் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து ஒட்டோமான் ஆட்சியின் கீழ் இருந்தது. அதன் சுதந்திரம் முறையாக ஏற்கப்பட்டது 1878இன் பேர்லின் உடன்படிக்கையில். வடக்கே இன்றைய வொய்வொதினா பகுதியோ ஹப்ஸ்பர்க் அரசின் கீழ் இருந்தது. தெற்கே தட்டில் அடுக்கிச் சுடும் பூரெக், வடக்கே மேசைவிரிப்பின் மேல் மாவை இழுத்துச் சுருட்டும் ஸ்ட்ரூடல். மாவைத் தாளாக்கும் இந்த இரண்டு பழக்கங்களுக்கும் நடுவில் கிபனிட்சா இருக்கிறது.

அயலவர்களிடமும் இதன் உறவுக்காரர்கள் உண்டு. பல்கேரியாவில் பனிட்சா. சேர்பியாவின் தென்கிழக்கிலும் அந்தப் பெயர்தான். அங்கே பெலா பலாங்கா என்ற ஊரில் பனிட்சாவுக்கென்றே விழா எடுக்கிறார்கள். பொஸ்னியாவில் பெயரிடுவது கண்டிப்பான கணக்கு. இறைச்சி வைத்தால் மட்டும்தான் பூரெக். பாலாடைக்கட்டி வைத்தால் சிர்னிட்சா, கீரை வைத்தால் செல்யானிட்சா, உருளைக்கிழங்கு வைத்தால் க்ரொம்பிருஷா. பொஸ்னியர் ஒருவரிடம் 'சீஸ் பூரெக்' கேட்டால், கத்தரிக்காய் மீன்குழம்பு கேட்டவரைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்.

சுலோவேனியாவின் பிரெக்முர்யே பகுதியிலும் கிபனிட்சா உண்டு. ஆனால் அது இனிப்பு. கசகசா, தயிர்க்கட்டி, வாதுமைக்கொட்டை, ஆப்பிள் என்று நான்கு பூரணங்களும் இரண்டு தடவை மாறி மாறி வரும். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் பாரம்பரியச் சிறப்பு உணவு என்ற உத்தரவாதப் பதிவைக் கொடுத்தது. ஆகவே பெயர் ஒன்றாக இருந்தாலும் பலகாரம் ஒன்றல்ல. நான் இங்கே எழுதுவது உப்பும் புளிப்புமான சேர்பிய வகையைப் பற்றி.

உள்ளே என்ன இருக்கிறது

அடிப்படைப் பொருள்கள் நான்கு: மாத்தாள், வெள்ளைப் பாலாடைக்கட்டி, முட்டை, கய்மாக். இதில் எங்களுக்குப் புதியது கய்மாக் மட்டும்தான். அதுவும் முழுவதும் புதியதல்ல. காய்ச்சிய பாலை அகன்ற ஆழமில்லாத பாத்திரங்களில் ஊற்றி ஆறவிடுவார்கள். மேலே படியும் ஆடையை எடுத்து, உப்புத் தூவி, அடுக்கடுக்காக மரத்தொட்டியில் சேர்ப்பார்கள். புதிதாக இருக்கும்போது வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். நாள்பட நாள்பட மஞ்சளாகி, புளிப்பும் காரமும் ஏறும். எங்கள் வீடுகளில் பாலாடையை எடுத்துச் சேர்த்துக் கடைந்து நெய்யாக்கினோம். அவர்கள் உப்பிட்டு வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளைப் பாலாடைக்கட்டியும் உப்புநீரில் ஊறியதுதான். ஆட்டுப்பாலிலும் மாட்டுப்பாலிலும் செய்வார்கள். தென்மேற்குச் சேர்பியாவின் சியெனிட்சா, ஸ்லாத்தார் பகுதிகளின் கட்டிகளுக்கு நல்ல பெயர். நீண்ட குளிர்காலத்துக்கு, குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில், பாலைக் காப்பாற்றி வைக்கும் வழி உப்புத்தான். நாங்கள் மீனைக் கருவாடாக்கிய அதே தேவை.

தொழிலாளர் கொண்டுவந்தது

1968 ஒக்டோபரில் மேற்கு ஜேர்மனியும் யூகோசிலாவியாவும் தொழிலாளர் ஒப்பந்தம் ஒன்றைச் செய்தன. கார்த் தொழிற்சாலைகள், உருக்காலைகள், கட்டட வேலைகள், மருத்துவமனைகள் என்று ஆட்கள் வந்து இறங்கினார்கள். 1973 நவம்பரில் ஜேர்மனி ஆட்சேர்ப்பை நிறுத்தியபோது, வெளிநாட்டுத் தொழிலாளர்களில் துருக்கியருக்கு அடுத்த பெரிய தொகுதி யூகோசிலாவியர்தான். 'விருந்தாளித் தொழிலாளர்' என்று பெயர் வைத்தார்கள். விருந்தாளி திரும்பிப் போகவேண்டியவர். ஊரில் வீடு கட்டப் பணம் சேர்த்தார்கள். கோடை விடுமுறையில் கார்களில் நெடுந்தூரம் ஓடி ஊருக்குப் போனார்கள். திரும்பும்போது காரின் பின்பெட்டியில் கய்மாக்கும் கட்டியும் வந்தன. மிளகாய்த்தூளும் கருவாடும் பொதிக்குள் வரும் வாழ்க்கை எங்களுக்கு விளங்காததல்ல.

உணவகம் திறந்தவர்கள் ஜேர்மனியர் எதை விரும்புவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். சுட்ட இறைச்சி, பொரித்த உருளைக்கிழங்கு, சிவத்த மிளகாய்ச் சாறு ஆகியவை விரைவாகச் செய்யலாம். பெரிய தட்டில் நிறைவாகத் தெரியும். கிபனிட்சாவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். ஆறினால் மொறுமொறுப்புப் போய்விடும். ஒருவருக்கு மட்டும் சுட முடியாது; முழுத் தட்டாகத்தான் சுடவேண்டும். எனவே அது அட்டவணைக்கு வரவில்லை. வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

எங்களுடைய கதையும் இதேதான். எங்கள் உணவகங்களில் கொத்துரொட்டி இருக்கும், ரோல்ஸ் இருக்கும், மசாலாத் தோசை இருக்கும். ஒடியற்கூழ் இருக்காது. குரக்கன் பிட்டைக் கேட்டால் சிரிப்பார்கள். வெளியாள் அறிந்த எங்கள் உணவு வேறு, நாங்கள் அம்மாவை நினைத்துக்கொள்ளும் உணவு வேறு.

அகதிகள் கொண்டுவந்தது

தொண்ணூறுகளில் யூகோசிலாவியா உடைந்தபோது வேறொரு கூட்டம் வந்தது. 1992இல் ஜேர்மனியில் தஞ்சம் கேட்டவர்கள் 438,191 பேர். அதில் மிகப்பெரிய தொகுதி முன்னாள் யூகோசிலாவியாவிலிருந்து. பொஸ்னியப் போரிலிருந்து மட்டும் ஏறத்தாழ 350,000 பேர் இங்கே அடைக்கலம் பெற்றார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது 'டுல்டுங்'. நாடுகடத்தலைத் தற்காலிகமாகத் தள்ளிவைக்கும் அந்தத் தாளை எங்கள் ஆட்களும் நன்றாக அறிவார்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று முத்திரை குத்தப்படும். 1995 இறுதியில் டேற்றன் உடன்படிக்கை வந்தது; 1996இன் பிற்பகுதியில் திருப்பியனுப்புதல் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு முடிவதற்குள் அவர்களில் பெரும்பான்மையோர் ஜேர்மனியை விட்டுப் போய்விட்டார்கள். ஊருக்குப் போனவர்களும் உண்டு. ஊர் இல்லாதபடியால் அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா என்று போனவர்களும் உண்டு.

நான் 1996இன் கடைசியில் வந்தேன். வலிகாமத்து இடப்பெயர்வு முடிந்து ஒரு வருடம். கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வணிகமாணிப் பட்டம்; அதற்கு இங்கே அப்போது ஒரு பெறுமதியும் இல்லை. ரூர் பகுதியில் ஒரு தங்ககத்தில் விட்டார்கள். ஒரு மாடிக்கு ஒரு குசினி, நான்கு அடுப்பு, ஒரே ஒரு அவண். எங்கள் மாடியில் இரண்டு தமிழ்க் குடும்பங்களும் எங்களைப் போன்ற தனி ஆட்கள் ஆறு பேரும் மூன்று பொஸ்னியக் குடும்பங்களும் இருந்தோம். எங்களுக்கு அவண் தேவைப்படவில்லை. அவர்களுக்கு அடுப்பு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அதனால் அந்தக் குசினியில் சண்டை குறைவு.

அந்த மூன்று குடும்பங்களில் ஒன்றில் மனைவி சேர்பியர், கணவர் பொஸ்னிய முஸ்லிம். அவர் தட்டை வெளியே எடுக்கும்போது 'கிபனிட்சா' என்பார். கணவர் 'பித்தா' என்பார். அவர்கள் ஊரில் இப்படி அடுக்கிச் சுடும் எல்லாவற்றுக்கும் அதுதான் பொதுப்பெயர். இருவரும் அதைப் பற்றிச் சிரித்துக்கொள்வார்கள். திருப்பியனுப்பும் கடிதம் வந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. டேற்றனுக்குப் பிறகு பொஸ்னியா இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருந்தது. கணவரின் பக்கத்துக்குப் போனால் மனைவிக்குப் பயம், மனைவியின் பக்கத்துக்குப் போனால் கணவருக்குப் பயம். இப்படிக் கலப்புத் திருமணம் செய்த பல குடும்பங்களை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. இவர்களும் 1998இல் அங்கே போனார்கள்.

போவதற்கு முதல் வாரம் அந்த அக்கா எங்கள் மாடியிலிருந்த தமிழ் அக்காவைக் கூப்பிட்டு, தட்டும் மாவும் வைத்துச் செய்து காட்டினார். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஐம்பது டொச் சொற்கள். எனக்குக் கொஞ்சம் கூடத் தெரியும் என்பதால் பக்கத்தில் நின்று அளவுகளைக் குறித்துக்கொண்டேன். 'எவ்வளவு எண்ணெய்?' என்று கேட்டால் 'போதுமான அளவு' என்றார். எங்கள் அம்மாமாரின் பதிலும் அதுதான். ஊற்றுவதற்கு முன் குவளையிலும், ஊற்றிய பின் குவளையில் மிஞ்சியதையும் அளந்து, கழித்து எழுதினேன். கணக்காளன் வேறென்ன செய்வான்?

செய்முறையும் அதன் காரணங்களும்

கிபனிட்சாவில் பல வகை உண்டு. தட்டையாக அடுக்கிச் செய்வது ஒன்று. தாள்களைக் கசக்கி வைப்பது இன்னொன்று. அதை 'குஸ்வாரா' என்பார்கள், கசக்கியது என்று பொருள். புதிதாகச் செய்பவர்களுக்குக் கசக்கியதுதான் நல்லது. தாள் கிழிந்தால் கவலையில்லை.

அந்தக் குறிப்பிலிருந்து, ஜேர்மனியக் கடைகளில் கிடைக்கும் பொருள்களுக்கு ஏற்றபடி எங்கள் வீட்டில் பயன்படுத்தும் அளவு இது. 12 துண்டுகள் வரும்.

மாத்தாள் 500 கிராம். வெள்ளைப் பாலாடைக்கட்டி 400 கிராம். கய்மாக் 150 கிராம், அல்லது அதற்குப் பதில் ஷ்மாண்ட் 200 கிராம். முட்டை 4. தயிர் 200 மில்லிலீற்றர். சூரியகாந்தி எண்ணெய் 100 மில்லிலீற்றர். வாயு உள்ள மினரல் தண்ணீர் 150 மில்லிலீற்றர். பேக்கிங் பவுடர் ஒரு சிறு பக்கெற். உப்புப் போடவேண்டாம், கட்டியில் இருப்பதே போதும்.

கட்டியைக் கையால் உதிர்த்து, முட்டை, தயிர், கய்மாக், எண்ணெயில் முக்கால் பங்கு, பேக்கிங் பவுடர் எல்லாம் சேர்த்துக் கலக்கவேண்டும். மினரல் தண்ணீரைக் கடைசியில் ஊற்றவேண்டும். முதலே ஊற்றினால் வாயு போய்விடும். எண்ணெய் பூசிய தட்டில் மூன்று தாள்களை, விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விரிக்கவேண்டும். மேலே மூடுவதற்கு இரண்டு தாள்களை ஒதுக்கிவிட்டு, மற்றத் தாள்களை ஒவ்வொன்றாகக் கலவையில் தோய்த்து, இறுக்காமல் கசக்கி, பக்கத்துப் பக்கத்தில் அடுக்கவேண்டும். மிஞ்சிய கலவையை மேலே ஊற்றி, தொங்கும் விளிம்புகளை உள்ளே மடித்து, ஒதுக்கிய தாள்களால் மூடி, மீதி எண்ணெயைப் பூசவேண்டும். இருபது நிமிடம் அப்படியே விட்டு, 190 பாகையில் 40 முதல் 45 நிமிடம் சுடவேண்டும். எடுத்தபின் சுத்தமான துணியால் பத்து நிமிடம் மூடி வைத்துப் பிறகு வெட்டவேண்டும்.

இனி ஏன் இப்படி என்று பார்ப்போம். காரணம் தெரிந்தால் பொருள் மாறினாலும் சமாளிக்கலாம்.

கடையில் வாங்கும் தாள் உலர்ந்தது. அது ஈரத்தை உறிஞ்சத்தான் இருபது நிமிடம் விடுகிறோம். விடாமல் சுட்டால் அடியில் கலவை தேங்கி, மேலே தாள் காய்ந்து நிற்கும். எண்ணெய் தாளோடு தாள் ஒட்டாமல் பிரிக்கிறது. வீச்சு ரொட்டியில் இழுத்த மாவுக்கு எண்ணெய் தடவி மடிப்பதும் இதற்குத்தான். சூட்டில் ஈரம் ஆவியாகி, அந்த இடைவெளிகளைத் தூக்குகிறது. மினரல் தண்ணீரின் வாயுவும் பேக்கிங் பவுடரும் அதற்கு உதவுகின்றன. பேக்கிங் பவுடரிலுள்ள சோடா தயிரின் புளிப்போடு சேரும்போதும் வாயு வரும்; புளித்த அப்ப மாவில் அப்பச்சோடா போட்டதும் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முட்டை இறுகி எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறது. கடைசியில் துணியால் மூடுவது, மேல் தாள் உடைந்து கொட்டாமல் கொஞ்சம் இளகுவதற்கு.

கடையில் கவனிக்க வேண்டியவை

ஜேர்மனியக் குளிர்பெட்டிகளில் மூன்று பெயர்கள் குழப்பும். ஃபிலோத்தைக் மிக மெல்லியது. யுஃப்காத்தைக் கொஞ்சம் தடிப்பானது. துருக்கிக் கடைகளில் கிடைக்கும். இரண்டும் சரி. பிளேற்றர்தைக் சரிவராது, அதற்குள்ளேயே பட்டர் மடிக்கப்பட்டிருக்கும், தோய்க்க முடியாது. பால்கன் கடைகள் உள்ள நகரங்களில் கோரே என்ற பெயரிலேயே கிடைக்கும். தாளைப் பிரித்ததும் ஈரத்துணியால் மூடி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் காய்ந்து நொறுங்கிவிடும்.

பாலாடைக்கட்டியில் பெயர்ச் சிக்கல் ஒன்று உண்டு. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் 'ஃபெற்றா' என்ற பெயரைக் கிரேக்கத்துக்கே உரியதாகப் பதிவு செய்தது. மாட்டுப்பாலில் இதைப் பெருமளவில் செய்துவந்த டென்மார்க்கும் ஜேர்மனியும் வழக்குப் போட்டன. 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவற்றைத் தள்ளிவிட்டது. அதனால்தான் இங்கே செய்யும் மாட்டுப்பால் கட்டிக்கு ஹிர்ட்டன்கேஸ, அதாவது மேய்ப்பர் கட்டி, என்று பெயர். கிபனிட்சாவுக்கு அது போதும், மலிவும்கூட. துருக்கிக் கடைக் கய்மாக்கும் சேர்பியக் கய்மாக்கும் பெயரில்தான் ஒன்று. முன்னது தேனோடு சாப்பிடும் உப்பில்லாத ஆடை. அது கிடைத்தால் கட்டியை ஒரு பிடி கூட்டிப் போடலாம்.

மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் இரண்டு விடயங்களைப் பார்க்கவேண்டும். முதலாவது, பாலை உறைய வைக்கும் 'லாப்' கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். 'மிக்ரோபியெல்லஸ் லாப்' என்று பொதியில் எழுதியிருந்தால் அது நுண்ணுயிரிலிருந்து எடுத்தது, பயமில்லை. இரண்டாவது முட்டை. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் முட்டைக்குப் பதிலாக மூன்று மேசைக்கரண்டி மெல்லிய ரவையும் இன்னும் 100 மில்லிலீற்றர் தயிரும் சேர்க்கிறோம். அவ்வளவு பொங்காது, ஆனால் வெட்டும்போது உதிராமல் நிற்கும்.

செலவைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் ஒரு தட்டு 10 யூரோவுக்குள் முடியும். ஒரு துண்டு ஒரு யூரோகூட இல்லை. ஆனால் 100 மில்லிலீற்றர் எண்ணெயில் மட்டும் 800 கலோரிக்கு மேல் உண்டு. கட்டியின் கொழுப்பும் உப்பும் வேறு. சீனி வருத்தமும் இரத்த அழுத்தமும் உள்ள எங்கள் வயதுக்காரர் ஒரு துண்டோடு எழும்பிவிடுவது நல்லது.

குலதெய்வமும் விரதமும்

சேர்பிய வீடுகளில் கிபனிட்சா முக்கியமாக வரும் நாள் 'ஸ்லாவா'. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு. தகப்பனிடமிருந்து மகனுக்கு அது வழிவழியாக வரும். எங்கள் குலதெய்வ வழக்கத்தை இவ்வளவு ஒத்த ஒன்றை ஐரோப்பாவில் நான் வேறெங்கும் காணவில்லை. அன்று விருந்தினரை அழைக்கும் வழக்கம் இல்லை; தெரிந்தவர்கள் தாங்களாகவே வருவார்கள், வந்தவருக்கெல்லாம் மேசை திறந்திருக்கும். இறந்தவர்களை நினைந்து அவித்த கோதுமையில் சீனியும் வாதுமைக்கொட்டையும் சேர்த்து வைப்பார்கள்; வருபவர் முதலில் அதில் ஒரு கரண்டி எடுக்கவேண்டும். 2014இல் யுனெஸ்கோ ஸ்லாவாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் எல்லா ஸ்லாவாவிலும் கிபனிட்சா வராது. மரபுவழித் திருச்சபையின் விரத நாள்களில் இறைச்சி மட்டுமல்ல, பாலும் முட்டையும் விலக்கு. புதனும் வெள்ளியும் விரதம்; நத்தாருக்கு முன் நாற்பது நாள் விரதம். மிகப் பலருக்குக் காவலரான புனித நிக்கொலாவின் நாள் டிசெம்பர் 19. அது எப்போதும் அந்த நாற்பது நாளுக்குள்தான் விழும். அந்த வீடுகளில் அன்று மீனும் அவரையும்தான். மே 6இல் வரும் புனித ஜோர்ஜ் நாள் புதனிலோ வெள்ளியிலோ விழாவிட்டால், அங்கே தட்டுத் தட்டாகக் கிபனிட்சா. பலகாரத்துக்கும் பஞ்சாங்கம் பார்க்கும் சமூகம் எங்களைப் போல இன்னொன்று இருக்கிறது.

செய்வதா, வாங்குவதா

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எது நிலைக்கிறது, எது மறைகிறது?

கிபனிட்சாவில் மிகக் கடினமான வேலை தாள் செய்வதுதான். மாவைப் பிசைந்து ஊறவிட்டு, துணி விரித்த மேசையில் வைத்து, மெல்லிய நீண்ட உருளையால் தேய்த்து, பிறகு கையின் பின்புறத்தால் மெல்ல மெல்ல இழுத்து, மறுபக்கம் தெரியுமளவு மெல்லியதாக்க வேண்டும். ஜேர்மனியில் பிறந்த சேர்பியப் பெண்களில் இதைச் செய்பவரை நான் சந்தித்ததில்லை. எல்லோரும் தாளை வாங்குகிறார்கள். ஆனால் கிபனிட்சா செய்கிறார்கள். ஐம்பது வருடங்களுக்கு மேலாகியும் அது அவர்கள் மேசையில் இருக்கிறது.

வணிகமாணி வகுப்பில் செலவுக் கணக்கியலில் 'செய்வதா, வாங்குவதா' என்று ஒரு பாடம் உண்டு. ஒரு பொருளின் எந்தப் பாகத்தை நாமே செய்யவேண்டும், எந்தப் பாகத்தை வெளியே வாங்கலாம் என்று முடிவெடுப்பது. சேர்பியத் தாய்மார் அந்தப் பாடத்தைப் படிக்காமலே சரியாகச் செய்தார்கள். தாளை வாங்கினார்கள். உப்புக்கும் புளிப்புக்கும் இடையிலான கணக்கையும் எந்த நாளில் செய்வது என்பதையும் மேசையில் யாருக்கு முதல் துண்டு என்பதையும் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தை இப்படிப் பாருங்கள். பிட்டு ஏன் பிழைத்தது? வறுத்த அரிசிமாவும் குரக்கன் மாவும் பொதியில் வந்தன. இடியப்பம் ஏன் பிழைத்தது? அதே காரணம், மிஞ்சினால் அவித்த இடியப்பத்தையே கடையில் வாங்கலாம். அரியதரம் ஏன் எங்கள் வீடுகளிலிருந்து போகிறது? அதன் கடினமான வேலை பாகுப்பதம். அதைப் பொதியில் அடைக்க முடியாது. பாகு ஒரு பதம் தவறினால் எண்ணெயில் கரைந்து போகும். கையைப் பிடித்துச் சொல்லித்தர ஆள் வேண்டும். பயற்றம் பணியாரத்துக்கும் இதே நிலைமை. ஆகவே கடினமான படியை வாங்கக்கூடிய உணவுகளைப் பற்றி நாங்கள் கவலைப்படத் தேவையில்லை. அவை நிற்கும். கையால் மட்டும் வரும் உணவுகளைத்தான் இப்போது கவனிக்க வேண்டும். அவற்றைத் தெரிந்தவர்களுக்கு எழுபதும் எண்பதும் வயதாகிவிட்டது.

எங்கள் பிள்ளைகள் 'கைப்பதம்', 'கண்மட்டம்' என்றால் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கிராமிலும் மில்லிலீற்றரிலும் பாகையிலும் வளர்ந்தவர்கள். அந்தப் பதத்தை அவர்களுடைய அளவுக்கு மாற்றிக் கொடுப்பது, இரண்டு மொழியும் தெரிந்த எங்கள் தலைமுறையின் வேலை. அதற்குத் தேவையானவை குசினித் தராசு ஒன்று, சீனிப்பாகின் சூட்டை அளக்கும் வெப்பமானி ஒன்று, கொப்பி ஒன்று. அம்மாவையோ மாமியையோ வழமைபோலச் செய்யச் சொல்லுங்கள். அவர்கள் எடுப்பதற்கு முன்னும் பின்னும் பாத்திரத்தை நிறுத்து, வித்தியாசத்தை எழுதுங்கள். 'இப்ப சரி' என்று அவர்கள் சொல்லும் கணத்தில் பாகின் சூட்டைக் குறியுங்கள். ஒரு தடவை போதாது. மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். எழுதியதைத் தமிழிலும் டொச்சிலும் வைத்திருங்கள்.

வருகிற தைப்பொங்கல் விடுமுறைக்கு முன் ஒரு சனிக்கிழமை இதற்குப் போதும். அரியதரம் ஊறும் நேரத்தில் அவண் சும்மா இருக்கும். அதற்குள் ஒரு தட்டுக் கிபனிட்சாவை வைத்துவிட்டால், அளந்து எழுதுபவர்களுக்குப் பசியும் தீரும்.